பின்கட்டாரின் பேரேடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கொள்ளைக் கூட்டத்தின் கொள்கையையும் சட்டதிட்டங்களையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்கட்டார் என்றொரு கூட்டம் செட்டிநாட்டில் இருந்ததே இல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் மட்டும்தான் இருக்கிறது. சில அத்தியாயங்களைப் படித்த நண்பர்கள், "இது பள்ளத்தூரில் நடந்ததா, கோட்டையூரில் நடந்ததா?" என்று கேட்கிறார்கள். எந்த ஊரிலும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் நிற்கிற தரை, அது திறக்கிற கதவு, அது பயப்படுகிற சட்டப் பிரிவு, இவையெல்லாம் நிஜம்.

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவின் செதுக்கல், ஆத்தங்குடித் தரை, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. அங்கேயே படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீடு அதற்குப் பின்னால் நீளமாக ஓடுகிறது. முகப்பு, நடுமுற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய், பல வீடுகளில் அடுத்த தெருவில்தான் முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. சமைப்பவர், நெல் குத்துபவர், தண்ணீர் சுமப்பவர், வண்டி ஓட்டுபவர், கொத்தனார், சித்தாள் எல்லோரும் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனவர்கள். என் கூட்டம் அவர்களால் ஆனது. அதனால்தான் பின்கட்டார், அதாவது வீட்டின் பின்பகுதிக்காரர்கள், என்று பெயர்.

கதை தொடங்குவது 1931-ல். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே உலகச் சந்தையில் நெல் விலை சரிந்துகொண்டிருந்தது. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டிநாட்டு நகரத்தாரிடம், அதாவது செட்டியார்களிடம், கடன் வாங்கியிருந்த விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் வந்தது. 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அவர்கள் நிலத்துக்காகக் கடை வைத்தவர்கள் இல்லை. ரொக்கம் வேண்டும், ரொக்கம் நின்றுவிட்டது. என் நாவலில் வரும் ஊரில் பாதி கட்டின வீடு அப்படியே நிற்கிறது. கொத்தனாருக்குக் கூலி பாக்கி. சமையல்காரம்மாவுக்குப் பதினெட்டு மாதச் சம்பளம் பாக்கி. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட கணக்குப்பிள்ளைக்கும் பாக்கி.

இந்த மூவரும் முதலில் கொள்ளைக்குக் கிளம்பவில்லை. வக்கீலிடம் போகிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கூட்டத்தின் கொள்கை முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. அப்போது நடைமுறையில் இருந்தது 1908-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். எந்த வழக்கை எத்தனை ஆண்டுக்குள் போட வேண்டும் என்று சொல்லுகிற சட்டம். கைமாற்றாகக் கொடுத்த கடனை வசூலிக்க மூன்று ஆண்டு அவகாசம். வீட்டு வேலைக்காரர், கைவினைஞர், கூலியாள் இவர்களுடைய சம்பள பாக்கிக்கு ஒரே ஒரு ஆண்டு. ஆமாம், ஒரே ஆண்டு. கடன் கொடுத்தவர் மூன்று வருடம் பொறுத்திருக்கலாம். சோறு ஆக்கிப் போட்டவர் ஒரு வருடத்துக்குள் கோர்ட்டு வாசல் ஏற வேண்டும். அதே வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே அந்த வீட்டின் மீது யார் வழக்குப் போடுவார்கள்? 1963-ல் வந்த புதிய சட்டம்தான் இதை மூன்று ஆண்டாக்கியது. சட்டப் புத்தகத்தில் இந்தப் பிரிவைப் பார்த்த பிறகு எனக்கு நாவல் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம்.

வக்கீல் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கும்போது கணக்குப்பிள்ளை ஒரு வாக்கியம் சொல்கிறார். "பாக்கிக்குக் காலாவதி கிடையாது." பின்கட்டாரின் வேதம் அந்த ஒரு வரிதான். மீதி எல்லாம் உரை.

அவர்கள் ஒரு பேரேடு போடுகிறார்கள். எந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியிலிருந்து. சேர வருகிற ஒவ்வொருவரும் தன் பாக்கியை இரண்டு சாட்சி வைத்துப் பதிய வேண்டும். பேரேட்டில் பெயர் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பதிந்த தொகைக்கு மேல் ஒரு காசு எடுக்கக் கூடாது. கிடைத்த பொருள் பாக்கியைவிட விலை கூடுதல் என்றால் மிச்சத்தைத் திருப்பி வைக்க வேண்டும்! ஒரு அத்தியாயத்தில் இவர்கள் வெள்ளிக் குத்துவிளக்கை எடுத்துவிட்டு, அது அதிகம் என்று அடுத்த அமாவாசையில் மறுபடி சுவரேறி மிச்ச ரூபாயைப் பூஜையறையில் வைத்துவிட்டு வருகிறார்கள். எடுக்கும்போது மாட்டாதவர்கள், வைக்கும்போது மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள்.

கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுப்பவன் கதை நம்மிடம் நிறைய உண்டு. திருமங்கையாழ்வாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியார்களுக்கு அன்னமிடப் பணம் தீர்ந்ததும் வழிப்பறியில் இறங்கியவர். மணக்கோலத்தில் வந்த பெருமாளையே மறித்தவர். ஸ்ரீரங்கத்தில் இராப்பத்தின்போது வேடுபறி என்று அதை இன்றும் ஆண்டுதோறும் உற்சவமாக நடத்துகிறார்கள். அந்த மரபில் என் கூட்டத்தைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. தர்மத்துக்காகத் திருடுகிறேன் என்பவனுக்கு எல்லை கிடையாது. அன்னதானம் என்றைக்குத் தீரும்? பாக்கிக்காகத் திருடுகிறேன் என்பவனுக்கு ஒரு எண் இருக்கிறது. அந்த எண்தான் இவர்களுடைய மரியாதை. அது எப்படிக் கெட்டுப்போகிறது என்பதுதான் நான் எழுத நினைத்த கதை.

அதற்கு முன் மற்ற விதிகளைப் பார்த்துவிடலாம். எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். விதியை அவர்கள் சாமி பேரில் சொல்லுவார்கள். காரணம் வேறு எங்கேயாவது இருக்கும்.

கழுத்திருவைத் தொடக் கூடாது. நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்கு அணிவிக்கும் அந்தப் பெரிய தாலியைத்தான் சொல்கிறேன். தொட்டால் ஏழு தலைமுறைக்கும் ஆகாது என்று கூட்டத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். கொத்தனார் மட்டும் தனியாக இருக்கும்போது உண்மையைச் சொல்கிறார்: அதை எந்த ஆசாரியிடம் கொண்டுபோனாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும், உருக்கித் தரச் சொன்னால் அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டுக்குள் நாலு பேருக்கு மேல் போகக் கூடாது. இதற்கு அவர்கள் சொல்லும் காரணம், நாலு திசைக்கு நாலு காவல் தெய்வம். நிஜக் காரணத்தைக் கொண்டுவந்தது கூட்டத்தில் சேர்ந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. இந்திய தண்டனைச் சட்டம் 391-ஆம் பிரிவின்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பறித்தால்தான் அது கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரை போகும். அதில் ஒருவன் கொலை செய்துவிட்டால் 396-ஆம் பிரிவு, சேர்ந்து போன அத்தனை பேருக்கும் தூக்கு வரைக்கும் வழி உண்டு. வெளியே நின்று உதவி செய்பவனும் எண்ணிக்கையில் சேர்வான். ஆகவே காவலுக்கு நிற்பவனையும் சேர்த்து நாலு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இன்று இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த ஐந்து அப்படியேதான் இருக்கிறது. ஆயுதம் கூடாது என்ற விதிக்கும் இதுவே அடிப்படை. அகிம்சை எல்லாம் இல்லை.

காரியம் முடிந்தால் விடிவதற்குள் எல்லை தாண்ட வேண்டும். இது செட்டிநாட்டுக்கே உரிய வசதி. தேவகோட்டை, காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் ராமநாதபுரம் ஜில்லா, அதாவது பிரிட்டிஷ் ஆட்சி. ராயவரம், அரிமளம், கோனாபட்டு பக்கம் புதுக்கோட்டை சமஸ்தானம். 1948 வரை அது தனி அரசு. நகரத்தார் ஊர்கள் இரண்டு பக்கமும் இருந்தன, உறவும் கொள்வினை கொடுப்பினையும் கோடு பார்க்காமல் நடந்தன. போலீஸுக்கு மட்டும் கோடு இருந்தது. அந்தப் பக்கம் போன ஆளைப் பிடிக்கக் காகிதம் எழுத வேண்டும், பதில் வர வேண்டும்.

பங்கு விஷயத்தில் என் கூட்டம் நேர்மையானது. ரோம நாட்டுச் சிசரோவே எழுதியிருக்கிறார்: பங்கைச் சரியாகப் பிரிக்காத கொள்ளைத் தலைவனைக் கூட்டாளிகளே கொல்லுவார்கள், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போவார்கள், திருடர்களுக்குள்ளும் சட்டம் உண்டு என்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பார்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கடற்கொள்ளையன் கப்பலில் எழுதி வைத்த விதிகள் நமக்குக் கிடைக்கின்றன. கப்பல் தலைவனுக்கு இரண்டு பங்கு, பீரங்கிக்காரனுக்கு ஒன்றரை. முக்கியமான முடிவுகளில் ஆளுக்கு ஒரு வாக்கு. பணம் வைத்துச் சீட்டாடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சண்டையில் கை கால் போனவனுக்குப் பொது நிதியிலிருந்து 800 வெள்ளி. வாத்தியக்காரர்களுக்கு ஓய்வுநாளில் விடுமுறை! எந்த முதலாளி அந்தக் காலத்தில் அவயவம் போனதற்கு நஷ்டஈடு கொடுத்தான்?

பின்கட்டாரின் பங்கு முறையைக் கணக்குப்பிள்ளை வேறு இடத்திலிருந்து எடுக்கிறார். தான் வேலை பார்த்த கடையிலிருந்து. செட்டியார் கடையில் முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை. வரவில் சாமிக்கு மகமை என்று ஒரு பகுதி எடுத்து வைப்பது வழக்கம். அப்படியே இங்கேயும். கொத்தனார் மேலாள், குமாஸ்தா அடுத்தாள், விளக்குப் பிடிக்கிற சிறுவன் பெட்டியடிப் பையன். எடுத்ததில் அய்யனாருக்கு ஒரு பங்கு, சிறைக்குப் போனவன் வீட்டுக்கு ஒரு பங்கு. ஐந்தொகை என்கிற ஆண்டு முடிவுக் கணக்கைப் பார்க்காமல் ஆண்டு முடியாது. யாருடைய வீட்டு இரும்புப்பெட்டியைத் திறக்கப் போனார்களோ, அவர்களுடைய கணக்கு முறையைத்தான் தங்களுக்குச் சட்டமாக வைத்துக்கொள்கிறார்கள். வேறு ஒழுங்கு எதையும் அவர்கள் பார்த்ததில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே மாற்றுகிறார்கள். பங்கு மகனுக்குப் போகாது. அப்பன் பின்கட்டார் என்பதால் பிள்ளை பின்கட்டார் ஆக முடியாது; அவனுக்கென்று ஒரு பாக்கி இருந்தால்தான் சேரலாம். கூட்டத்தில் யார் என்ன சாதி என்று நான் எழுதவும் இல்லை. சில நண்பர்களுக்கு இதில் வருத்தம். அந்தக் காலத்தைச் சாதி சொல்லாமல் எழுத முடியுமா என்கிறார்கள். அந்தக் காலம் என்பதால்தான் எழுதவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது, 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்னது இதைத்தான். பிறந்ததே குற்றம் என்று ஊர் ஊராகப் பதிவேட்டில் ஏற்றினார்கள். 1920 ஏப்ரலில் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த மக்கள் சுடப்பட்டார்கள். சென்னையில் அது ரத்தானது 1947-ல். ஒரு கொள்ளைக் கூட்டத்தை ஒரு சாதிக்குள் வைத்து எழுதினால் அந்தப் பதிவேட்டில் நானும் ஒரு வரி சேர்த்ததாகும். அதைவிட, பிறப்பை வைத்து ஆள் சேர்க்க மாட்டோம் என்று திருடர்களே விதி போட்டுக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

இனி உப்பு விதி. எந்த வீட்டில் சாப்பிட்டாயோ அந்த வீட்டுக்குள் களவுக்குப் போகக் கூடாது. தகவல் சொல்லலாம், எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று வரைந்து கொடுக்கலாம், உள்ளே போகிறவர்கள் வேறு நாலு பேராக இருக்க வேண்டும். பாக்கி உள்ளவர் ஒருவர், எடுக்கிறவர் வேறொருவர். குரலை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பது ஒரு காரணம்தான். ஆனால் இந்த விதியில் மட்டும் காரணத்தைத் தாண்டி ஏதோ இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள், உப்பிட்ட வீட்டைக் கொள்ளையடிக்க இப்படி ஒரு சுற்றுவழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த விதியைத்தான் சமையல்காரம்மா ஒரு நாள் இழுத்துப் போடுகிறார். ஐந்தொகை பார்க்கிற இரவு. அவர் கணக்குப்பிள்ளையிடம் கேட்கிறார்: "கணக்கண்ணே, அவுக நமக்குத் தரவேண்டியதை எல்லாம் எழுதி வச்சிருக்கீக. என் மக கல்யாணத்துக்கு ஆச்சி சேலையும் ஒரு மூட்டை அரிசியும் குடுத்தாகளே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அது தானம், ஆத்தா. தானம் கணக்குல வராது."

"தானம் வராதுன்னா உப்பு மட்டும் எப்படி வருது?"

கணக்குப்பிள்ளையிடம் பதில் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதின பேரேடு பேரேடே இல்லை என்று அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் வரவுப் பக்கத்தைத் திறந்தால் எங்கே நிறுத்துவது? தீபாவளி வேட்டி, காய்ச்சலுக்கு வைத்தியர், படிக்க வைத்த பள்ளிக்கூடம் என்று எல்லாம் உள்ளே வரும். கொடுத்தவர் கொடுத்ததாக நினைத்தது, வாங்கினவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாகத் தெரிந்திருக்கலாம். இந்தச் சண்டையை நான் தீர்த்துவைக்கவில்லை. கூட்டம் வாக்கெடுத்து, தானத்தை எழுத வேண்டாம் என்று முடிவு செய்கிறது. எழுதினால் பாதி பாக்கி அடிபட்டுப் போகும் என்ற பயம்தான்.

அதே இரவில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறுகிறது. வட்டி. இத்தனை வருடம் அசலை மட்டும் எழுதினோம், அவர்கள் நம்மிடம் வட்டி வாங்காமல் விட்டார்களா என்று குமாஸ்தா கேட்கிறார். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ரங்கூனில் செட்டியார்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டி நிர்ணயிப்பது வழக்கம். பின்கட்டாரும் அய்யனார் கோயிலில் கூடி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று வைக்கிறார்கள். அந்த வட்டி பாக்கி உள்ளவருக்குப் போகாது, கூட்டத்தின் பொது நிதிக்குப் போகும் என்றும் ஒரு வரி சேர்க்கிறார்கள். நாவலில் ஒரு துளி ரத்தம் கிடையாது. ஆனால் அவர்கள் கெட்டுப்போனது இந்த ஒரு வரியில்தான் என்பது என் அபிப்பிராயம். அதுவரை பாக்கி தீர வேண்டும் என்று நினைத்த கூட்டம், அன்றிலிருந்து பாக்கி தீராமல் இருந்தால் நல்லது என்று நினைக்கத் தொடங்குகிறது.

1942 வருகிறது. ஜப்பான் பர்மாவைப் பிடிக்கிறது. கடைகளையும் நிலத்தையும் விட்டுவிட்டு, அரக்கான், அஸ்ஸாம் வழியாக நடந்தே வந்தவர்கள் ஏராளம். நாவலில், சமையல்காரம்மா வேலை பார்த்த வீட்டின் ரங்கூன் கடையும் போய்விடுகிறது. அந்த வீட்டு ஆச்சி, இனி என்ன மிஞ்சும் என்று தெரியாத நிலையில், யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து எண்ணுகிறார். ஆளனுப்பிச் சமையல்காரம்மாவை வரச் சொல்கிறார். முன்வாசல் வழியாக. பதினெட்டு மாதம், மாதம் ஐந்து ரூபாய், ஆகத் தொண்ணூறு ரூபாயை எண்ணி வைக்கிறார். சமையல்காரம்மா வாங்கிக்கொள்கிறார். ஒரு டம்ளர் மோரும் குடித்துவிட்டு வருகிறார்.

பின்கட்டார் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. கேட்காமல் ஒரு வீடு பாக்கியைக் கொடுத்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. பேரேட்டின்படி அந்த வீடு தரவேண்டியது, பதினோரு வருட வட்டியோடு சேர்த்து, இருநூறு ரூபாய்க்கு மேல். அசலை மட்டும் வாங்கி வந்ததால் கூட்டத்துக்குச் சேரவேண்டிய வட்டியைச் சமையல்காரம்மா விட்டுக்கொடுத்துவிட்டார் என்று குமாஸ்தா வாதாடுகிறார். வாக்கெடுப்பு நடக்கிறது. அவர் பெயர் பாக்கிதாரர் பக்கத்தில் ஏறுகிறது. அடுப்படியில் உழைத்த சம்பளத்தை வாங்கினதற்காக அந்த அம்மா தன் சொந்தக் கூட்டத்துக்கே நூற்றுச் சில்லறை ரூபாய் கடன்.

ஆச்சி பணம் கொடுத்தபோது ஒன்று கேட்டிருந்தார்: கொடுத்ததற்கு ரசீது. சமையல்காரம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் கணக்குப்பிள்ளையிடம் வந்து நிற்கிறார். பாக்கி அசல் முழுதும் பற்றிக்கொண்டோம் என்று கணக்குப்பிள்ளை எழுதி, வழக்கம் மாறாமல், எழுதியவர் பெயர் என்று தன் கையெழுத்தையும் போடுகிறார். வீட்டில் பல வருடமாகக் கிடந்த ஒரு துண்டுச்சீட்டின் கையெழுத்தும் அந்த ரசீதின் கையெழுத்தும் ஒன்று என்று போலீஸ் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. பூஜையறையில் மிச்ச ரூபாயோடு வைத்துவிட்டு வந்த சீட்டு அது. "மிச்சம் வரவு வைக்கவும்" என்று எழுதியிருந்தார்.

நாலு பேருக்கு மேல் போகக் கூடாது என்று எண்ணிப் பார்த்த குமாஸ்தா, 401-ஆம் பிரிவை எண்ணவில்லை. வழக்கமாகத் திருடுகிற கூட்டத்தில் உறுப்பினராக இருப்பதே அதில் குற்றம்; எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கணக்கு அங்கே கிடையாது. உச்சத் தண்டனை ஏழு ஆண்டு. கணக்குப்பிள்ளைக்கு நான் நாலு ஆண்டு கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் படியைப் படித்த என் வீட்டார் அது அதிகம் என்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் குறைத்தாலும் குறைப்பேன்.

வணக்கம்.